சர்ரே நாட்டுப்புறத்தில் ஓர் இளவேனில் சைக்கிள் பயணம்: கழகத்தோடு போவதில் கிடைப்பதும் கிடைக்காததும்

லண்டனின் தென்மேற்குப் பகுதியில் இயங்கும் சைக்கிள் கழகம் ஒன்று, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் கடைசியில், காடுகளில் புளூபெல் மலர்கள் நிறையும் வாரத்தைப் பார்த்து, நகரை ஒட்டிய சர்ரே மாவட்டத்து நாட்டுப்புறத்தின் வழியாக ஒரு முழுநாள் பயணத்தை நடத்துகிறது. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ஹாம்ப்டன் கோர்ட் ரயில் நிலையத்தில் கூடிப் புறப்பட்டு, தேம்ஸ் ஆற்றங்கரையிலும் வெய் ஆற்றுக் கால்வாய்க் கரையிலும் மிதித்து, ரிப்ளி, ஆக்கம், ஈஸ்ட் ஹார்ஸ்லி ஆகிய ஊர்களைக் கடந்து, நார்த் டவுன்ஸ் குன்றுத்தொடரில் ஏறி, மறுபுறம் இறங்கி, பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் ரயில் நிலையத்தில் மாலை நான்கரை மணியளவில் முடிக்கிறார்கள். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வியர்க்க வியர்க்க விரட்டி மிதிக்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. ஆனால் லண்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் நகரத்துக்கு வெளியே இருக்கும் இங்கிலாந்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருப்பவர்களுக்கு, அதைக் கண்ணாலும் காலாலும் அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த ஏற்பாடு எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், வரிசையில் மிக மெதுவாக வருபவரின் வேகமே எல்லோருடைய வேகம் என்ற விதியை இக்கழகத்தார் பேச்சளவில் நிறுத்தாமல் நடைமுறையில் காப்பாற்றுகிறார்கள் என்பதே. அறிவிப்பில் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் என்று வேகத்தைக் குறிப்பிடுகிறார்கள். சமதளத்தில் அவ்வளவுதான் போகிறார்கள், மேட்டில் அதற்கும் குறைவு. "யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்று எல்லாக் குழுக்களும் எழுதத்தான் செய்கின்றன. அதை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்பதில்தான் குழுவுக்குக் குழு வேறுபாடு இருக்கிறது. இங்கே அதற்கென ஒரு முறை உண்டு. முன்னால் செல்லும் வழிநடத்துநர் ஒரு சந்திப்பில் திரும்பும்போது, தமக்கு அடுத்து வருபவரை அந்த முனையிலேயே நிறுத்திவிட்டுப் போகிறார். நிறுத்தப்பட்டவர் பின்னால் வருவோருக்கெல்லாம் கைகாட்டித் திருப்பிவிடுகிறார். மஞ்சள் நிறச் சட்டையணிந்து வரிசையின் கடைசியில் வருபவரைக் கண்டதும், அவருக்கு முன்னால் தாமும் சேர்ந்துகொள்கிறார். அடுத்த முனையில் வேறொருவர் நிற்கிறார். எனவே முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போய்விட்டாலும் யாரும் வழி தவறுவதில்லை. வரைபடமோ கைப்பேசியோ வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

இம்முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. முனைக்கு முனை ஒருவர் முன்னிருந்து பின்னுக்கு வருவதால் வரிசை ஓயாமல் கலைந்து சேர்ந்தபடி இருக்கிறது. அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே ஆளின் பக்கத்தில் மிதிப்பது அரிது. அறிமுகமில்லாத கூட்டத்தில் தனியாக வருபவருக்கு இது பெரிய உதவி. யாரிடம் போய்ப் பேசுவது என்ற தயக்கத்துக்கு இடமில்லாமல், சாலையே ஆளை மாற்றி மாற்றி அருகில் கொண்டுவந்து விடுகிறது. ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர் சிக்னல் விளக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த திருப்பத்துக்குப் பிறகு, மகப்பேற்று மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்திருந்த செவிலியர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். இளைஞர்கள் குறைவு என்பதைக் கழகத்தாரே வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

புறப்படுமுன் ஐந்து நிமிடம் விதிமுறைகளை விளக்குகிறார்கள். எதிரே கார் வந்தாலும் பின்னால் கார் வந்தாலும், சாலையில் குழி இருந்தாலும், பார்த்தவர் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் அதை அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருவர் செல்வதைப் பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு அனுமதிக்கிறது என்பதையும், 2022 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தம் அதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது என்பதையும், சைக்கிளை முந்தும் வாகனங்கள் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்கிறார்கள். ஊர்ச்சாலையில் முதன்முதலாக ஓட்டுபவருக்கு இந்தத் தெளிவு மிகுந்த தைரியத்தைக் கொடுக்கிறது. ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் அணிந்து வரும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.

ஹாம்ப்டன் கோர்ட் பாலத்திலிருந்து வால்டன் வரை தேம்ஸின் தென்கரைப் பாதை அகலமானது, சமதளமானது. நாயோடு நடப்பவர்களும் குழந்தைகளும் மிகுந்த இடம் என்பதால் பெல் அடித்து, வேகம் குறைத்து, நன்றி சொல்லிப் போகிறார்கள். வெய்பிரிட்ஜில் தேம்ஸை விட்டு வெய் ஆற்றுக் கால்வாய்க்குத் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. 1653இல் திறக்கப்பட்ட இந்த நீர்வழி, இங்கிலாந்தின் ஆறுகளைப் படகுப் போக்குவரத்துக்காகச் சீரமைத்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று. கில்ட்ஃபோர்டின் மரமும் மாவும் இதன் வழியாகத்தான் லண்டனுக்குப் போயின. இன்று சரக்குப் படகுகள் இல்லை. 1964இல், பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்த பிறகு, வண்ணம் பூசிய குறுகலான படகுவீடுகளே நின்றுகொண்டிருக்கின்றன. ஏப்ரலில் நாணல்களுக்கிடையே அன்னங்கள் கூடு கட்டி அடைகாக்கின்றன. ஆண் அன்னம் பாதையருகே வந்து சீறும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதே முறை என்று சொல்லி, எல்லோரையும் இறக்கிவிட்டார் வழிநடத்துநர். ஓரிடத்தில் எம்25 நெடுஞ்சாலை தலைக்கு மேலே இரைந்துகொண்டு செல்கிறது. அந்தப் பாலத்தின் தூண்களுக்கு இடையே, முந்நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த அந்த நீர்வழியோரம் சைக்கிளில் போவது, லண்டனுக்கு வந்த விருந்தினர் எவரையும் அழைத்துச் சென்று காட்டத்தக்க அனுபவம்.

இந்தப் பகுதியைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். முந்தைய வாரத்தில் மழை பெய்திருந்தால் இந்தக் கரைப்பாதை சேறாகிவிடும். அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பந்தய டயர்களோடு வந்திருந்த இருவர், வேர்கள் புடைத்த இடங்களில் மிகவும் திண்டாடினார்கள். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் நல்லது, சக்கர மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் அவர்கள் வேறு வண்டியை எடுத்து வந்திருப்பார்கள். இதைச் சரிசெய்யக் கழகத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

பைர்ஃபர்ட் மதகைத் தாண்டிச் சாலைக்கு வந்தால், நியூவார்க் மடாலயத்தின் இடிந்த சுவர்கள் வயல்வெளியில் தனியாக நிற்பது தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்டினியத் துறவிகளுக்காக எழுப்பப்பட்டது. எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களைக் கலைத்தபோது 1538இல் கைவிடப்பட்டது. தனியார் நிலம் என்பதால் அருகே போக முடியாது. சாலையிலிருந்தே பார்த்துவிட்டு ரிப்ளிக்குப் போகிறோம்.

இந்தப் பயணத்தின் உண்மையான பொருள் ரிப்ளியில்தான் விளங்குகிறது. 1880களிலும் 1890களிலும் லண்டன் சைக்கிள்காரர்கள் வார இறுதியில் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்த ஊர் இது. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் செல்லும் பழைய சாலையில், கிங்ஸ்டனும் ஈஷரும் கடந்து ரிப்ளி வரையிலான பகுதி அக்காலச் சைக்கிள்களுக்கு ஏற்ற நல்ல தளமாக இருந்தது. போய்த் திரும்ப ஒரு பகல் போதும். ஊரிலிருந்த ஆங்கர் விடுதியை நடத்திய டிபிள் குடும்பத்தின் சகோதரிகள், புழுதியோடு வந்திறங்கிய சைக்கிள்காரர்களை முகம் சுளிக்காமல் வரவேற்று உணவளித்தார்கள். மற்ற விடுதிக்காரர்கள் பலர் சைக்கிள்காரர்களை ஏளனமாகப் பார்த்த காலம் அது. அந்த நன்றியின் அடையாளமாக ஊரின் புனித மேரி மக்தலேன் தேவாலயத்தில் சைக்கிள்காரர்கள் நினைவு ஜன்னல் அமைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 20 மைல் தூரத்தை முதன்முதலில் கடந்த ஹெர்பர்ட் லிடெல் கோர்ட்டிஸின் நினைவும் அதே தேவாலயத்தில் போற்றப்படுகிறது. 1882இல், பெரிய முன்சக்கர வண்டியில், அவர் அதைச் சாதித்தார். காபி குடிக்க நிறுத்தும் அரைமணி நேரத்துக்குள் விருப்பமுள்ளவர்களை அழைத்துப்போய் இந்த ஜன்னலைக் காட்டுகிறார்கள். வண்ணக் கண்ணாடியில் ஒளி விழும் முற்பகல் நேரமாகப் பார்த்து அழைத்துச் செல்வது, வழிநடத்துநருக்கு அந்த இடத்தின்மேல் இருக்கும் பற்றைக் காட்டுகிறது.

அங்கிருந்து ஆக்கம் மிக அருகில். வீண் அனுமானங்களை வெட்டியெறியச் சொன்ன இடைக்காலத் தத்துவஞானி வில்லியம் ஆஃப் ஆக்கம் பிறந்த ஊர் இதுவென்று கருதப்படுகிறது. ஆனால் கழகத்தார் இங்கே நிறுத்துவது அவருக்காக அன்று, ஹாட்பாய் என்ற பழைய விடுதிக் கட்டடத்துக்காக. 1898ஆம் ஆண்டு அக்டோபரில், பாவாடைக்குப் பதிலாகச் சைக்கிள் ஓட்டுவதற்கேற்ற தளர்ந்த காற்சட்டை அணிந்து வந்த ஹார்பர்ட்டன் சீமாட்டி ஃப்ளாரன்ஸுக்கு, அந்த உடையோடு உணவறையில் உட்கார அனுமதியில்லை என்று விடுதி நடத்திய பெண்மணி மறுத்துவிட்டார். சைக்கிள் சுற்றுலாக் கழகம் என்ற நாடளாவிய அமைப்பு அவருக்காக வழக்காடியது. 1899இல் வழக்கு தோற்றது. சீமாட்டிக்கு வேறு அறையில் இடம் தருவதாகச் சொன்னதே போதும் என்று தீர்ப்பாயிற்று. தோற்ற வழக்கு என்றாலும் நாடெங்கும் அது பேசப்பட்டது. அந்தக் கட்டடத்தின் முன் நின்று இதை விவரித்துக்கொண்டிருந்தவர் எழுபதை நெருங்கும் பெண்மணி. அன்றைய பயணத்தை வழிநடத்தியவரும் அவரே.

வழக்கை எடுத்து நடத்திய அந்த அமைப்பு 1878இல் ஹாரோகேட் நகரில் தொடங்கப்பட்டது. 2016 முதல் சைக்ளிங் யுகே என்ற பெயரில் இயங்குகிறது. ஊருக்கு ஊர் இருக்கும் இத்தகைய கழகங்கள் பலவும் அதனோடு இணைந்தவையே. அதில் உறுப்பினராகச் சேர்ந்தால், நம் வண்டியால் பிறருக்குச் சேதம் நேரும்பட்சத்தில் ஒரு கோடி பவுண்டு வரையிலான காப்பீடு கிடைக்கிறது. நான் சென்ற கழகம், புதியவர்களைச் சில பயணங்களுக்கு விருந்தினராக வரவிட்டு, பிடித்திருந்தால் மட்டும் சேரச் சொல்கிறது. பயணத்துக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. உணவுக்கும் ரயிலுக்கும் ஆகும் செலவுதான்.

ஆக்கத்திலிருந்து ஈஸ்ட் ஹார்ஸ்லி செல்லும் சாலையில்தான் எனக்கு மனக்குறை அதிகம். வளைந்து வளைந்து செல்லும் குறுகலான சாலை. கார் நடமாட்டமும் மிகுதி. இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே தொடராகச் சென்றதால், பின்னால் வந்த கார்கள் முந்த வழியின்றி நீண்ட நேரம் ஊர்ந்தன. பொறுமையிழந்த ஓட்டுநர் ஒருவர் வளைவிலேயே முந்த முயன்றார். எட்டு எட்டுப் பேராகப் பிரிந்து, இடையில் இரண்டு மூன்று கார்கள் புகுமளவுக்கு இடைவெளி விட்டால் இந்த நிலை வராது. வழிநடத்துநர் அதைக் காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் பேச்சின் சுவாரசியத்தில் குழுக்கள் மீண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்துவிட யாரும் முன்வரவில்லை. ஒவ்வொரு சிறு குழுவுக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது இன்றியமையாதது என்று கருதுகிறேன். நல்ல பழக்கங்கள் இவ்வளவு உள்ள கழகம் இந்த ஒன்றில் தளர்ந்திருப்பது சரியன்று.

மதிய உணவு ஊர்ப் பப் ஒன்றில். முன்பதிவு செய்திருந்தும் எல்லோருக்கும் தட்டு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சைவ உணவு என்று கேட்டால் சூப்பும் ரொட்டியும், அதைவிட்டால் சீஸ் வைத்த சாண்ட்விச்சும்தான். மேடு ஏறப்போகும் நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வறுவல் விருந்து பொருந்தாது என்பதால், அசைவம் உண்போருக்கும் சூப்பையே பரிந்துரைப்பேன். கையில் புளிசாதமோ சப்பாத்திச் சுருளோ எடுத்து வந்து வெளித் தோட்டத்து மேசையில் உண்ண அந்த பப்பில் அனுமதிப்பதில்லை. ஆனால் சற்று முன்னதாகவே உள்ள ஊர்ப் பொதுவெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று கழகத்தார் சொல்கிறார்கள். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களை யாரும் வேறாகப் பார்ப்பதில்லை.

பிற்பகலில் ஏறும் கிரீன் டீன் பள்ளத்தாக்குச் சாலைக்காகவே இந்தப் பயணத்துக்கு மறுபடியும் போவேன். நார்த் டவுன்ஸைக் கடக்கும் சாலைகளில் பல, மூச்சை அடைக்குமளவு செங்குத்தானவை. கிரீன் டீன் அப்படியன்று. இருபுறமும் காடு சூழ, ஏறுகிறோம் என்பதே உறைக்காத அளவுக்கு மெல்ல மெல்ல உயர்கிறது. சிறிய கியரில் வைத்து மிதித்தால் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். ஏப்ரல் கடைசியில் மரங்களுக்கு அடியில் புளூபெல் மலர்கள் நீலமும் ஊதாவும் கலந்து தரை தெரியாமல் பரந்திருக்கின்றன. மேலே பீச் மரங்கள் இலைவிட்டுக் கூரை மூடுவதற்கு முன், தரையில் வெயில் விழும் அந்தச் சில வாரங்களுக்குள் இச்செடி இலைவிட்டுப் பூத்து முடித்துவிட வேண்டியிருக்கிறது. ஆகையால் பயணத் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்தாலும் காட்சி தவறிவிடக்கூடும். இலைகளை மிதித்துவிட்டால் அந்தச் செடி மீண்டு பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். காட்டுச் செடியைக் கிழங்கோடு தோண்டி விற்பது சட்டப்படி குற்றம். படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு உள்ளே இறங்க வேண்டாம் என்று கழகத்தார் கண்டிப்பாகச் சொன்னதும், எல்லோரும் அதை மதித்ததும் மனநிறைவளித்தன.

ஏற்றத்தின் நடுவே ஒருவருக்குப் பின் டயர் பஞ்சரானது. ஐந்து நிமிடம் நின்றதில் நான் கற்றுக்கொண்டது அதிகம். உதவிக்கு வந்த முதியவர், டியூபை மாற்றுவதற்கு அவசரப்படவில்லை. டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, வெளியிலிருந்து டயரை மடித்துப் பிளந்து, நகத்தளவுகூட இல்லாத ஒரு கரிய கற்சில்லைச் சிறு இடுக்கியால் எடுத்துக் காட்டினார். சிக்கிமுக்கிக் கல். இந்தக் குன்றுகள் முழுவதும் வெண்சுண்ணப் பாறை. அதற்குள் பாளம் பாளமாகச் சிக்கிமுக்கிக் கற்கள் பொதிந்திருக்கின்றன. மழைநீர் அவற்றின் சில்லுகளைச் சாலைக்கு அடித்துக்கொண்டு வருகிறது; உடைந்த கண்ணாடியைப் போன்ற விளிம்பு கொண்டவை அவை. சில்லை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த மைலிலேயே மீண்டும் காற்று இறங்கிவிடும். எடுத்த பிறகு டியூபில் சிறிது காற்றடித்து உருண்டையாக்கி உள்ளே பொருத்தினார்; டயரைக் கையாலேயே விளிம்பில் ஏற்றினார், நெம்புகோலைத் தொடவில்லை. வண்டிக்குரியவரைக் கொண்டே பம்பு அடிக்க வைத்தார். சர்ரேக்கு வருபவர்கள் மாற்று டியூப் இரண்டு வைத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நான் சொல்லும் அறிவுரை.

குன்றின் உச்சியில் கிராக்நார்த் சாலை வழியாக ரான்மோர் பொதுவெளிக்கு வந்தால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் புனித பர்னபாஸ் தேவாலயம். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1859இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் சுவர்களை உருண்டையான சிக்கிமுக்கிக் கற்கள் மூடியிருக்கின்றன. டயரைக் கிழித்த அதே கல் இங்கே மழையிலும் காற்றிலும் மங்காத வெளிப்பூச்சாக நிற்கிறது. எதிரே டார்க்கிங் பள்ளத்தாக்கு, சரிவில் டென்பீஸ் திராட்சைத் தோட்டம், தொலைவில் லீத் ஹில். வெப்பக் குடுவையில் தேநீர் கொண்டுவந்தவர்கள் கொண்டுவராதவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள்.

வெஸ்ட்ஹம்பிளுக்கு இறங்கும் சந்து செங்குத்தானது, குறுகலானது. எதிரே குதிரைகள் வரக்கூடும். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளியோடு இறக்குகிறார்கள். முதல் முறை வருபவர்களிடம் பிரேக் கட்டையைச் சோதித்தாயிற்றா என்று மேலேயே நிறுத்திக் கேட்டார்கள்.

கால் இன்னும் சலிக்காதவர்கள் ரயில் நிலையத்திலிருந்து சாலையைக் கடந்து பாக்ஸ் ஹில்லின் ஸிக்ஸாக் சாலையில் ஏறிப் பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். சராசரி ஏற்றம் 5 சதவீதம்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயத்தில் ஆண்கள் இந்தக் குன்றை 9 முறையும் பெண்கள் 2 முறையும் சுற்றினார்கள். கஜகஸ்தானின் அலெக்ஸாண்டர் வினோகுரோவும் நெதர்லாந்தின் மரியான் வோஸும் தங்கம் வென்றார்கள். கழகப் பயணம் இதைச் சேர்க்காமல் விட்டிருப்பது சரியான முடிவு. சேர்த்திருந்தால் புதியவர்கள் பாதிப்பேர் வரத் தயங்கியிருப்பார்கள்.

டூட்டிங், நியூ மால்டன், சர்பிட்டன் பக்கங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புறப்படும் இடம் மிகப் பக்கம் என்பதால் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சைக்கிள் ஓட்டத் தெரிந்து, நகரப் பூங்காவில் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்ட முடிந்தவர் எவரும் இதை முடித்துவிடலாம். பந்தய வண்டி வேண்டாம். பொருட்கூடை பொருத்திய சாதாரண வண்டிகளும், மின்சார உதவியுள்ள வண்டிகளும் வந்திருந்தன. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வர நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆக்கம் சாலையின் கார் நெரிசல் அவர்களுக்கு ஆகாது.

கிளம்புமுன் ரயில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை ரயிலில் இலவசமாக ஏற்றலாம். ஆனால் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவதும் அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அந்தப் பேருந்துகளில் மடக்கும் சைக்கிள்களைத் தவிர வேறெதையும் ஏற்றுவதில்லை. வெஸ்ட்ஹம்பிளில் அப்படி நேர்ந்தால், மோல் பள்ளத்தாக்கில் பெருஞ்சாலையோரம் போட்டிருக்கும் சைக்கிள் பாதை வழியாக லெதர்ஹெட் வரை மிதித்து, அங்கே ரயில் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. அதற்கும் கழகத்தார் இருவர் உடன் வருகிறார்கள்.